பாரின் கிடா

இல்லண்ணே, கயித்த இன்னும் இறுக்க வேணாம், அது ஓடாது. ஓடுறதெல்லாம் காலையிலேயே ஓடி முடிச்சிருச்சு. மக்காச்சோளத் தட்டைக்குள்ள ரெண்டு மைலு என்னைய இழுத்துக்கிட்டுப் போயி, இந்தா பாருங்க, முழங்கையெல்லாம் சிராய்ப்பு. இப்ப ஒண்ணுந் தெரியாத மாதிரி நின்னு அசை போடுது. வண்டிய எடுங்கண்ணே. பன்னெண்டு மணிக்குள்ள கோயிலுக்குப் போயிரணும்.

ஆமா, திருச்சுழி தாண்டித்தான். குண்டாத்துக்கரையில கருப்பசாமி கோயிலு. போர்டெல்லாம் இருக்காது, ரெண்டு பனைமரமும் ஒரு தகரக் கொட்டகையுந்தான். நான் வழி சொல்றேன். அம்மாவும் மாமாவும் சொந்தக்காரங்க ஒரு பத்துப் பேரும் வெள்ளனவே பரளச்சியில இருந்து வேன்ல போயிட்டாக, பொங்கப் பானையோட. இதையும் அதுலயே ஏத்தப் பாத்தோம், ஏறுனாத்தான? அத்துக்கிட்டு ஓடிருச்சு. நீங்க போங்க, நான் புடிச்சுக் கொண்டாரேன்னு சொல்லிட்டேன். ஒத்தையில ஒரு பொம்பளப் புள்ள கிடாவோட வந்து வண்டியக் கை காட்டி நிறுத்துதேன்னு நீங்க பாத்த பார்வை எனக்குத் தெரியும்ணே. பரவால்ல, பாக்குறதுல என்ன இருக்கு.

அந்த பிளாஸ்க்க இங்கிட்டுக் குடுங்க, மடியில வச்சுக்கிறேன். ஆட்டத்துல ஒடஞ்சு கிடஞ்சு போச்சுன்னா இன்னைக்கு என் பொழப்பு நாறிரும். உள்ள என்னவா? தண்ணிதான். ஐஸ் தண்ணி. குடிக்கிறதுக்கு இல்ல. சொல்றேன், அத அப்பறம் சொல்றேன். இந்தப் பையில இருக்கது செருப்பு. எங்கம்மாவுக்கு.

வெல என்னன்னா கேக்குறீக? அதுக்கு ஏதுண்ணே வெல, அது நேந்துவிட்ட கிடா. காதப் பாருங்க, கிழிச்சு விட்டிருக்கும். அஞ்சு வருசமா எங்கூருல அதுதான் ராசா. யாரு காட்டுல எறங்கி மேஞ்சாலும் ஒருத்தரும் கை வைக்க மாட்டாக, சாமி கிடாவாச்சே. எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, ஏத்தா கருத்தம்மா, உம் பாரின் வந்து எங்க உளுந்த மேஞ்சிருச்சுன்னு சொல்லுவாக. பாரின்தான் அதுக்குப் பேரு. சிரிங்க சிரிங்க, எல்லாரும் சிரிக்கத்தான செய்யிறாக. நான் வெளிநாட்டுல வேலையில சேந்தா வெட்டுறேன்னு எங்கம்மா நேந்துவிட்டது அது.

நான்தாண்ணே, வேற யாரு. யுவராணி என் பேரு. நெதர்லாந்துன்னு ஒரு நாடு, அங்க ரெண்டு வருசம் படிச்சேன். தண்ணியப் பத்தின படிப்பு. மழை எம்புட்டுப் பேஞ்சா கண்மாயில எம்புட்டு நிக்கும், மண்ணுக்குள்ள எம்புட்டுப் போகும்னு பாக்குறது. ஸ்காலர்ஷிப்புல போனேன், இல்லாட்டி எங்களுக்கு எங்கிட்டு? அம்மா சத்துணவுல ஆயா. அதுக்கு முன்னால களையெடுப்பு, மொளகாப் பழம் பொறுக்குறதுன்னு எல்லாக் காட்டு வேலையும் பாத்துச்சு. அப்பா நான் பத்தாவது படிக்கையில தவறிட்டாக. அந்த நாட்டுல கால்வாசி, கடல் மட்டத்துக்குக் கீழ கெடக்குண்ணே. தண்ணிய எப்படி வெளிய தள்ளுறதுன்னு உக்காந்து படிக்கிறாக. நம்ம பக்கம் சொட்டுத் தண்ணி நிக்காதான்னு பாக்குறோம். மொத நாளு வகுப்புல எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

மேடு பாத்து, மேடு பாத்து. கொஞ்சம் நிறுத்துங்களேன், படுத்துருச்சான்னு பாத்துக்கிறேன். ம், நிக்குது. போங்க. இல்ல, இம்புட்டு வேகம் வேணாம். வெரசாவும் போகணும், அதே நேரம்... என்னமோண்ணே, உங்க போக்குல ஓட்டுங்க. காலையில இருந்து எனக்கே நான் சொல்றது புடிபடல.

உங்களுக்கும் ஒரு மக இருக்கா? பிளஸ் டூவா? மார்க்கெல்லாம் நல்லா எடுக்குமா? நல்லது. அங்க போனா புள்ள மாறிப் போயிருமான்னா, மாறும்ணே. மாறாம எப்படி? நான் சொல்றேன் கேளுங்க. எங்க வாத்தியாரு ஒருத்தரு, அரைக்கால் டவுசரோட வகுப்புக்கு வருவாரு. ஒரு நாளு என்னையப் பாத்து, யுவராணி, நீ என்ன நெனைக்கிறன்னு கேட்டாரு. நான் எந்திரிச்சு நின்னு கடகடன்னு ஒப்பிச்சேன். அது புத்தகம் நெனைக்கிறது, நீ என்ன நெனைக்கிறன்னாரு. நான் மறுபடி புத்தகத்தத்தான் பொரட்டுனேன். ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து நாந்தான் பஸ்ட்டு. ஒருத்தரும் அதக் கேட்டதே இல்லண்ணே. எங்கம்மா படிங்கும், டீச்சரு இந்தக் குரூப்பு எடும்பாக, மாமா போதும் நிறுத்தும்பாக. பாத்ரூமுக்குள்ள போயி நின்னு அழுதேன்.

அப்பறம் அங்க ஒரு பழக்கம். மூஞ்சிக்கு நேரா சொல்லிருவாக. கூடப் படிச்ச புள்ள ஒண்ணு, நீ எழுதுன பகுதி நல்லா இல்ல, திரும்ப எழுதுன்னு பத்துப் பேருக்கு மத்தியில சொல்லிட்டு, அடுத்த நிமிசம் வா காபி குடிக்கலாம்ங்குது. நம்மூர்ல அப்படி ஒரு வார்த்தை சொல்லிப்புட்டா கலியாணம் காச்சிக்குக் கூடப் போக மாட்டோம்ல. மொத ஆறு மாசம் தெனம் அழுகைதான். பெறகு எனக்கும் வந்துருச்சு. தங்கியிருந்த வீட்டுக்காரம்மாகிட்ட, ஹீட்டர் சரி பண்ணாம வாடகை கேக்காதீகன்னு சொன்னேன். அந்த டவுசர் வாத்தியாரு போர்டுல போட்ட கணக்கு ஒரு நாளு தப்பு. தப்புன்னேன். திரும்பிப் பாத்தவரு, ஆமா, தப்புதான்னு சொல்லி அழிச்சாரு. அன்னைக்கு சாயந்தரம் வாய்க்காங்கரையில ரெண்டு கையையும் விட்டுட்டு சைக்கிள் ஓட்டுனேண்ணே.

அனுப்பலாமான்னா, அனுப்புங்க. தாராளமா அனுப்புங்க. கிடா மட்டும் நேந்து விட்றாதீக.

இப்ப என்ன வேலையா? அருப்புக்கோட்டையில ஆபீசு. ஒரு தொண்டு நிறுவனம், கண்மாய் தூர் வாருறாகள்ல, அத அளந்து குடுக்குற வேலை. ஒன்றரை வருசமாச்சு. மொதல்ல ஒருத்தரும் மதிக்கல. ஆபீசரு எப்ப வருவாருன்னு என்கிட்டயே கேப்பாக. பந்தல்குடிப் பக்கம் ஒரு கண்மாய், நாலடி தோண்டியாச்சுன்னு காண்ட்ராக்டரு கையெழுத்துக்கு வந்து நிக்கிறாரு. கம்பு போட்டுப் பாத்தா ரெண்டரை. ரெண்டரைதான் எழுதுவேன்னேன். நீ யாரு வீட்டுப் புள்ளம்மான்னு கேட்டாரு. எதுக்கு கேக்குறாருன்னு தெரியாதா நமக்கு? அளக்க வந்த புள்ள, தோண்டிட்டுக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டேன். மறுவாரம் தோண்டுனாருண்ணே. இந்தா, இந்தப் பக்கம் கருவேலத்துக்குள்ள தெரியுது பாருங்க, அந்தக் கண்மாய் கூட நாங்க அளந்ததுதான்.

போன் அடிக்குதா? மாமா செல்லப்பாண்டி. அம்மாவோட அண்ணன். அடிக்கட்டும், எடுத்தா எங்க வார, எங்க வாரன்னு பிடுங்குவாக. அவுக மகனுக்கே என்னையக் கட்டி வைக்கணும்னு இருந்தாக. நான் போறேன்னு தெரிஞ்சதும் வீட்டுக்கே வந்து தையாத்தக்கான்னு குதிச்சாக. எங்கம்மா ஒத்த வார்த்தை சொல்லுச்சு. எம் மக போவா. அம்புட்டுதான். ஒரு வருசம் அண்ணன் தங்கச்சி மொகம் பாத்துக்கல. அந்த ரோசத்துலதான் கிடா நேந்ததே. எம் மக அங்கயே வேலையில சேந்து காட்டுவா, அன்னைக்கு உங்க எல்லாத்துக்கும் கறிச்சோறுன்னு ஊர்க்கூட்டத்துல சொல்லிப்புடுச்சு.

அப்பறம் என்ன. படிப்பு முடிச்சா வேலை தேட ஒரு வருசம் குடுப்பாக. நான் ஒம்பது மாசத்துல திரும்பி வந்துட்டேன். அங்க கெடைக்கல, இங்க பாத்துக்கிறேன்னுட்டேன். ஊரே உச்சுக் கொட்டுச்சு. பாவம் அந்தப் புள்ள, சாமி குடுக்கலன்னாக. பாரின் தெருவுல போற வாரப்பெல்லாம் என்னையவும் ஒரு பார்வை, அதையும் ஒரு பார்வை. கிடா இன்னும் நிக்குதான்னு டீக்கடையில கேப்பாக. என்னைய என்னமோ தடம் பொரண்ட ரயிலு மாதிரி வந்து வேடிக்கை பாப்பாக.

அருப்புக்கோட்டையில வேலை கெடச்சதும் அம்மா என்ன செஞ்சுச்சு, வெளிநாடோ உள்ளூரோ வேலை வேலைதான, கிடாவக் குடுத்துருவோம்னு போன மாசியில கூட்டிக்கிட்டுப் போச்சு. உங்களுக்குத் தெரியாததா, வெட்டுறதுக்கு முந்தி கிடா மேல மஞ்சத்தண்ணி ஊத்துவாக, அது ஒடம்பச் சிலுப்பித் துளுக்கணும். துளுக்குனாத்தான் சாமி ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். ஊத்துறாக, ஊத்துறாக, மூணு கொடம் காலி. ஒரு மணி நேரம். இந்தப் பய அசையல. கல்லு மாதிரி நிக்கிறான். கோடாங்கி எல்லாரையும் பாத்து, யாரு மனசுலயாச்சும் ஏதும் கொறை இருந்தா சொல்லிருங்கய்யா, சாமி கேக்குதுன்னாரு. மாமாதான், பாரின் வேலைன்னுதான வாக்குக் குடுத்த, உள்ளூரு வேலைய எப்படி ஏத்துக்கும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. அம்மா அங்கனயே செருப்பக் கழத்தி வேலியில போட்டுருச்சு. வேண்டுதல்ல என்ன குத்தம் வச்சேன்னு தெரியல கருப்பா, நீ ஏத்துக்கிற வரைக்கும் இந்தக் காலுல செருப்புப் போட மாட்டேன்னுருச்சு.

ஒரு வருசமாச்சுண்ணே. அம்மாவுக்கு சுகரு. காட்டுக்குள்ள முள்ளு, ரோடு இந்தக் கொதி கொதிக்குது. வலது காலு பெருவெரல் கிட்ட ஒரு புண்ணு, நாலு மாசமா ஆறல. நானும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கூட்டிக்கிட்டு அலையிறேன். செருப்பில்லாம ஒரு எட்டு வைக்கக் கூடாது, இப்படியே போனா வெரல எடுக்க வேண்டி வரும்னு டாக்டரு திட்டுறாரு. சரிங்க சரிங்கன்னு தலைய ஆட்டிட்டு, வாசல்ல எறங்குனா வெறுங்காலு. கெஞ்சிப் பாத்தாச்சு, சண்டை போட்டுப் பாத்தாச்சு. உனக்கு ஒண்ணும் தெரியாது தாயி, சாமி காரியம்னு சொல்லிருது. இந்தச் செருப்பு அதுக்குன்னே அளவெடுத்துச் செஞ்சது, மெத்துன்னு இருக்கும். மூணு மாசமா அலமாரியில கெடக்கு. இன்னைக்குக் கிடா துளுக்குனா இன்னைக்கே மாட்டி விட்டுருவேன்.

அதுக்குத்தான் இந்த ஐஸ் தண்ணி. கேளுங்க, நான் படிச்ச படிப்பு வேற எதுக்கு ஒதவுச்சோ இல்லையோ, இதுக்கு ஒதவுச்சு. போன வருசம் அந்தக் கொடத்துத் தண்ணி காலையில இருந்து வெயில்ல இருந்துச்சுண்ணே. வெதுவெதுன்னு ஊத்துனா கிடாவுக்கு என்ன, சொகமா குளிக்கிறோம்னு நிக்கும். ரெண்டு வாரமா கொல்லையில வச்சு ஊத்தி ஊத்திப் பாத்தேன். பானைத் தண்ணி, அசையல. போர்த் தண்ணி, காத மட்டும் ஆட்டுச்சு. ஐஸ் தண்ணி, நாலே செகண்டு! தலையில இருந்து வாலு வரைக்கும் படபடன்னு சிலுப்பி, பக்கத்துல நின்ன என் மேலயும் தெறிச்சிருச்சு. நோட்டுல எழுதி வச்சிருக்கேன். பக்கத்து வீட்டுத் தங்கச்செல்வி அக்கா ஆட்டுக்கும் ஊத்திப் பாத்தேன், அவுக என்னையத் தொரத்திக்கிட்டு வந்தது தனிக் கதை. மஞ்சப்பொடியும் ஒரு பொட்டலம் கொண்டாந்திருக்கேன். அம்மா கும்புடுறப்ப கண்ண மூடும். அப்ப அந்தக் கொடத்துத் தண்ணியக் கொட்டிட்டு இத ஊத்திருவேன்.

என்னண்ணே? சாமிய ஏமாத்தலாமாவா?

நல்லாக் கேக்குறீக. எங்கம்மா காலு அழுகுது, நீங்க சாமிய ஏமாத்தலாமாங்கிறீக. சாமிக்குத் தெரியாதது என்ன இருக்கு? எல்லாந் தெரியும் அதுக்கு. தெரியாதது எங்கம்மாவுக்கு மட்டுந்தான்.

இல்ல, கோவமெல்லாம் இல்ல. உங்க மேல எனக்கு என்ன கோவம். இங்கிட்டு எடது பக்கம் மண் ரோடு பிரியுது பாருங்க, அதுல திரும்பி அந்த வேப்பமரத்துக்கிட்ட ஒரு ரெண்டு நிமிசம் நிறுத்துங்களேன். கோயிலு இன்னும் கொஞ்ச தூரந்தான். தலை சுத்தலெல்லாம் இல்ல. சும்மா நிறுத்துங்க.

காலையில வேன்ல ஏறுறப்ப அம்மா காலுல கட்டு நழுவிருச்சு. படியில ஈரமா ஒரு தடம். பெருவெரல் தடம். அது பாக்கல, பானைய வாங்குறதுலயே இருந்துச்சு. நான் துண்ட எடுத்துத் தொடச்சேன். தொடச்சுட்டு நிக்கிறேன், இது பாட்டுக்கு அத்துக்கிட்டு ஓடுது. காட்டுக்குள்ள இது பின்னால ஓடிக்கிட்டே ஓன்னு அழுதேண்ணே, யாரும் இல்லங்கிற தைரியத்துல.

அங்க வேலை கெடைக்கலன்னு சொன்னேன்ல. கெடச்சுச்சு.

எட்டாவது மாசமே கெடச்சுச்சு. பெரிய கம்பெனி, துறைமுகத்துக்கிட்ட கண்ணாடிக் கட்டடம், அஞ்சாவது மாடி. பம்புக்கு அளவு பாக்குற வேலை. நல்ல வேலைண்ணே, குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. சைக்கிள்ல போறப்ப மெயில் வந்துச்சு, எறங்கி நின்னு படிச்சேன். எறங்குன எடத்துலயே அரை மணி நேரம் நின்னேன், ஒரு துளி சந்தோசம் வரல. என் பரீட்சைக்கு நம்ம தாலுகா கண்மாயெல்லாம் வச்சு ஒரு படம் வரைஞ்சிருந்தேன். பாதிக் கண்மாய்க்கு என்கிட்ட அளவே இல்ல, வெறும் வெள்ளையா விட்டிருந்தேன். அந்த வெள்ளைதான் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. இங்க வந்து அத அளக்கணும்னு இருந்துச்சு. நீ என்ன நெனைக்கிறன்னு அந்த வாத்தியாரு கேட்டாருல்ல, அன்னைக்குத்தான் எனக்குப் பதில் தெரிஞ்சுச்சு. நன்றி, வேணாம்னு எழுதி அனுப்பிட்டேன்.

மறுநாளு அம்மா போன்ல, கெடச்சுச்சா தாயின்னு கேட்டுச்சு. இல்லம்மான்னு சொல்லிட்டேன். நாளைக்குச் சொல்லுவோம்னு நெனச்சுத்தான் சொன்னேன். அது உடனே, போகுது விடு, சாமி குடுக்கல, நீ வந்து சேருன்னுச்சு. அதுக்கப்பறம் எப்படிண்ணே சொல்றது? எனக்காக அண்ணனையே பகைச்சுக்கிட்ட மனுசி. நான் கெடச்சத வேணாம்னு தூக்கிப் போட்டுட்டேன்னு எப்படிச் சொல்ல? ஊர்ல எல்லாரும் சாமியத்தான் சொன்னாக, என்னைய ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. வசதியா இருந்துச்சுண்ணே எனக்கு. காண்ட்ராக்டருகிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன், டவுசர் வாத்தியாருகிட்டச் சொல்லுவேன், எங்கம்மாகிட்ட மட்டும் சொல்ல மாட்டேன். போன வருசம் கோடாங்கி சுத்திச் சுத்திக் கேட்டாரே, அப்பவும் அம்மா பக்கத்துலதான் நின்னேன். அது செருப்பக் கழத்துறதப் பாத்துக்கிட்டு நின்னேன்.

எங்கம்மா வேண்டுதல்ல ஒரு குத்தமும் இல்லண்ணே. அது கேட்டது கெடச்சுச்சு. தன் மேல குத்தம்னு நெனச்சுக்கிட்டு ஒரு வருசமா வெறுங்காலோட நடக்குது.

சரிண்ணே, வண்டிய எடுங்க.

அந்தா தெரியுதுல்ல தகரக் கொட்டகை. வெயில்ல எறங்கி நின்னு, கைய நெத்தியில வச்சு ரோட்டப் பாக்குதே, அதுதான் எங்கம்மா. குதியங்கால்ல நிக்குது பாருங்க, வெரல ஊன முடியல. இங்கனயே நிறுத்திருங்கண்ணே. கிடாவ இப்ப எறக்க வேணாம், நிழல்ல நிக்கட்டும். நான் மொதல்ல போயி அம்மாகிட்டப் பேசிட்டு வாரேன். அடிச்சாலும் அடிக்கும், மாமாவுக்கு முன்னால வேற. நீங்க போயிராதீக.

செருப்ப மட்டும் எடுத்துக்கிறேன். பிளாஸ்க்கு இருக்கட்டும், அந்தத் தண்ணிய நீங்க குடிங்கண்ணே. ஐஸு கரையிறதுக்குள்ள குடிச்சிருங்க.